ஊறினால்தான் வேகும்! தைலமரச் சில்லு காகிதமாகும் கதை

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி 10-ம் நூற்றாண்டில் எழுப்பிய மூவர் கோயில் இங்குதான் இருக்கிறது. மூன்று கோயில்களில் இன்று முழுதாக நிற்பவை இரண்டு. அந்த மன்னர் பரம்பரையின் கதையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் கல்வெட்டு நிற்கிறது.

இன்று நாம் எழுதுவதும் அச்சடிப்பதும் காகிதத்தில். அந்தக் காகிதத்துக்கான மரம், கொடும்பாளூர் இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமாக வளர்கிறது. பாடப்புத்தகத்தில் யூகலிப்டஸ். ஊரில் தைலமரம், இல்லையென்றால் ஆர்.எஸ்.பதி மரம்.

இந்த மரம் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வரமா, சாபமா என்ற வாக்குவாதம் பல ஆண்டுகளாக ஓயவில்லை. "நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, தோட்டத்தில் போடும் வரப்புகள் மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் தடுக்கின்றன" என்பது விவசாயிகளின் புகார். "மானாவாரி நிலத்தில் இதைவிட்டால் உறுதியாகக் காசு தரும் மரம் எது?" என்பது எதிர்க்கேள்வி.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. அது காகித ஆலையின் சமையலறை. வெட்டிய மரத்தை வேகவைப்பதற்கு முன் அதை எப்படிப் பக்குவப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே, ஒரு டன் காகிதத்துக்கு எத்தனை மரம் சாய வேண்டும் என்பது முடிவாகிறது.

பக்கத்திலேயே ஆலை

தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974-ல் தொடங்கப்பட்டது. புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் கூழ்மரத்துக்காகத் தைலமரத் தோட்டங்களை வளர்த்துவருவது இந்த நிறுவனம்தான். பிறகு தனியார் பட்டா நிலங்களிலும் தைலமரமும் சவுக்கும் பரவின.

மரத்தை வாங்கும் பெரிய ஆலைகளில் ஒன்று, தமிழக அரசின் டி.என்.பி.எல் எனப்படும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். 1979-ல் நிறுவப்பட்டு, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இதன் இரண்டாவது ஆலை, கொடும்பாளூருக்கு அண்டை வட்டமான மணப்பாறை வட்டத்தில், மொண்டிப்பட்டியில் இருக்கிறது. 2016-ல் இங்கே அட்டை உற்பத்தி ஆரம்பமானது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை தயாரிக்கும் திறன் கொண்டது. மரத்திலிருந்து கூழ் எடுக்கும் பிரிவு 2022-ல் சேர்ந்தது. மருந்து டப்பா, பற்பசைப் பெட்டி, ஸ்வீட் பாக்ஸ் என்று நம் வீட்டுக்குள் தினமும் வந்து போகும் அட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

மரத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மரத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, இடையில் பசை போட்டு ஒட்டியதுபோலத் தெரியும். அந்தக் குழாய்கள்தான் நார். நாரின் உடம்பு செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி இதுதான். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். தைலமரத்தில் இது கால் பங்குக்குச் சற்று மேல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பாலமாக இருக்கும் இன்னொரு பொருள், ஹெமிசெல்லுலோஸ்.

காகிதத்துக்கு வேண்டியது நார். வேண்டாதது லிக்னின். பழைய செய்தித்தாள் வெயில் பட்டு மஞ்சளாகிறதே, அதற்குக் காரணம் அதில் நீக்கப்படாமல் தங்கிவிட்ட லிக்னின்தான்.

லிக்னினைக் கரைத்து நாரைப் பிரிப்பதற்குப் பெயர் கூழாக்குதல். உலகம் முழுக்க அதிகம் பயன்படும் முறை கிராஃப்ட். கார்ல் தால் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1884-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மன் மொழியில் கிராஃப்ட் என்றால் வலிமை. காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் மரச்சில்லைப் போட்டு, ராட்சத பிரஷர் குக்கர் போன்ற டைஜெஸ்டரில் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை வேகவைப்பார்கள். லிக்னின் கரைந்து கறுப்பு நீராக வெளியேறும். நார் மிஞ்சும்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காரம் லிக்னினை மட்டும் பார்த்துப் பார்த்துக் கரைப்பதில்லை. நேரமும் சூடும் கூடினால் நாரையும் அரிக்க ஆரம்பித்துவிடும். உலர்ந்த மரத்தின் எடையில் 45 முதல் 50 சதவிகிதம்தான் கடைசியில் கூழாகக் கையில் நிற்கும். அந்த 45-க்கும் 50-க்கும் நடுவில்தான் முன்பக்குவத்தின் வேலை இருக்கிறது.

முதல் பாடம்: நறுக்குவது

சாம்பாருக்குக் காய் நறுக்கும்போது ஒரு துண்டு கட்டை விரல் அளவும் இன்னொன்று கடுகு அளவும் இருந்தால் என்ன ஆகும்? சின்னது கரைந்துவிடும், பெரியது வேகாது. மரத்துக்கும் இதே கதைதான்.

ஆலைக்கு வரும் கட்டைகளைச் சிப்பர் என்ற இயந்திரம் சில்லு சில்லாக வெட்டித் தள்ளும். நல்ல சில்லு என்பது சுமார் 15 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், 3 முதல் 8 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. இதில் நீளத்தைவிடக் கனம்தான் முக்கியம். காரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஊறிக்கொண்டு போகும்போது, அதற்கு மிகக் குறுகிய வழி சில்லின் கனம்தான்.

கனம் கூடிய சில்லு, வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும் வடை மாதிரி ஆகிவிடும். மேல்புற நார்கள் தேவைக்கு மேல் வெந்து பலமிழந்திருக்கும். நடுப்பகுதி கட்டையாகவே இருக்கும். இந்த வேகாத பகுதியைச் சல்லடையில் பிரித்தெடுத்து மறுபடி வேகவைக்க வேண்டும். மறுபக்கம், தூளும் ஊசி போன்ற சிம்புகளும் அரிசியில் கலந்த குருணை மாதிரி. முதலில் குழைந்துபோகும். காரத்தைக் குடிக்கும். கரைசல் ஓடும் வழியையும் அடைக்கும்.

அதனால் சில்லுகளைச் சல்லடையில் சலித்து, தடித்தவற்றை மறுபடி வெட்டவோ நசுக்கி விரிசல் விழச்செய்யவோ அனுப்புவார்கள். தூளைக் கொதிகலனுக்கு எரிபொருளாகத் தள்ளிவிடுவார்கள். கேட்க எளிமையான வேலை. ஆனால் சிப்பரின் கத்தி மழுங்கினாலே தூள் கூடி, கூழ் குறைந்துவிடும்.

இரண்டாம் பாடம்: காற்றை விரட்டுவது

மரம் ஏன் தண்ணீரில் மிதக்கிறது? அதற்குள் காற்று இருப்பதால். காய்ந்த தைலமரத்தின் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டிருக்கும்வரை காரம் உள்ளே நுழைய முடியாது.

இதற்கு ஆலைகள் செய்யும் வழி, ஆவி பிடிப்பது! டைஜெஸ்டருக்குள் போவதற்கு முன் சில்லுகளின் மீது 100 டிகிரி அளவில் நீராவியைச் செலுத்துவார்கள். சூட்டில் காற்று விரிந்து வெளியேற, அதன் இடத்தில் நீராவி உட்காரும். உடனே, நீராவியைவிடச் சூடு குறைந்த காரக் கரைசலில் சில்லுகளை மூழ்கடிப்பார்கள். நீராவி குளிர்ந்து தண்ணீர்த் துளியாகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, கரைசலை இழுத்துக்கொள்ளும்.

சூடான சாதத்தை டிபன் பாக்ஸில் அடைத்து மூடி, ஆறிய பிறகு திறந்து பாருங்கள். மூடி லேசில் வராது. அங்கே மூடியை இழுத்துப் பிடிக்கும் அதே விசைதான் இங்கே காரத்தைச் சில்லுக்குள் இழுக்கிறது. சரியாக ஆவி பிடித்த சில்லு கரைசலில் மிதக்காமல் மூழ்கிவிடும்.

மூன்றாம் பாடம்: ஊறவைப்பது

கொண்டைக்கடலையை ஊறவைக்காமல் குக்கரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் சில கடலை கல்லாகவே இருக்கும். முதல்நாள் இரவே ஊறப்போட்டால் நாலு விசிலில் மலர்ந்துவிடும். கேஸும் மிச்சம்.

நவீன ஆலைகளில் இதேபோல, வேகவைக்கும் சூட்டுக்குப் போகும் முன், ஏறக்குறைய 100 டிகிரியில் சில்லுகளைக் காரக் கரைசலில் நன்றாக ஊறவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் லிக்னின் கரையும் வேகம் மிகக் குறைவு. ஆனால் காரம் சில்லின் நடு மையம்வரை போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. பிறகு சூட்டை ஏற்றும்போது சில்லின் உள்ளும் புறமும் ஒரே சீராக வேகும்.

இதில் கிடைக்கும் லாபம் மூன்று. வேகாத கட்டை குறைகிறது. தேவையில்லாமல் நீண்ட நேரம் வேகவைக்க வேண்டியதில்லை என்பதால் நார் அரிபடுவது குறைகிறது. கூழில் எவ்வளவு லிக்னின் மிச்சம் என்று சொல்லும் 'காப்பா எண்' எல்லா நார்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், வெளுக்கும் கட்டத்தில் ரசாயனத்தை அளந்து பயன்படுத்த முடிகிறது. காகித ஆலையின் கழிவுநீரில் பெரும்பங்கு இந்த வெளுக்கும் பிரிவிலிருந்துதான் வருகிறது. அங்கே ரசாயனம் குறைந்தால் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நல்லது.

ஒரு சின்ன கணக்கு

இதெல்லாம் சேர்ந்து கூழின் விகிதத்தை 46 சதவிகிதத்திலிருந்து 48 ஆக உயர்த்துகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வெறும் 2 சதவிகிதப் புள்ளிதானே என்று தோன்றும்.

தினமும் 400 டன் கூழ் எடுக்கும் ஆலைக்கு, 46 சதவிகிதத்தில் சுமார் 870 டன் உலர் மரம் வேண்டும். 48 சதவிகிதத்தில் 833 டன் போதும். ஒரு நாளைக்கு 36 டன்னுக்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு 330 நாள் ஆலை ஓடினால் ஏறக்குறைய 12,000 டன். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர் என்று கொண்டால், இது 24,000 டன் பச்சை மரம். ஒரு ஏக்கர் தோட்டத்தில் ஓர் அறுவடைக்கு 30 டன் வெட்டலாம் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 800 ஏக்கர் மரத்தை வெட்டாமல் விடலாம்.

இது உத்தேசக் கணக்கு. ஆலைக்கு ஆலை, மரத்துக்கு மரம் எண்கள் மாறும். ஆனால் சில்லை ஊறவைக்கும் தொட்டிக்கும் கிராமத்துக் கண்மாய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

நோட்டுப் பக்கம் ஏன் கிழிகிறது?

மரத்தை மிச்சப்படுத்துவதோடு முன்பக்குவத்தின் வேலை முடிவதில்லை. காகிதத்தின் குணத்தையும் அது மாற்றுகிறது.

தைலமர நார் மிகக் குட்டை. 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூங்கில் நார் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், பைன் நார் 3 மில்லிமீட்டர்வரை இருக்கும். நீள நார் இருந்தால் காகிதம் எளிதில் கிழியாது. குட்டை நார் இருந்தால் தாள் வழுவழுப்பாகவும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியாமலும் இருக்கும். எழுதவும் அச்சடிக்கவும் தைலமரக் கூழை விரும்புவது இதனால்தான்.

ஏற்கெனவே குட்டையான நாரை அதிகம் வேகவைத்துப் பலவீனப்படுத்தினால், தாள் தொட்டாலே கிழியும். சில்லு சீராக ஊறி, சீராக வெந்தால் நாரின் செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடுவது குறையும். வேகாத சிம்புகள் கூழில் கலப்பதும் குறையும். புதுத் தாளில் சில சமயம் பழுப்பாக ஒரு சின்னக் குச்சி ஒட்டியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது பிரியாமல் கட்டாகவே தங்கிவிட்ட நார். அச்சு இயந்திரத்தில் தாள் அறுந்துபோக இதுவும் ஒரு காரணம்.

அதே மரம்... அங்கே சட்டை!

முன்பக்குவத்தை மாற்றினால் ஒரே மரத்திலிருந்து வேறு பொருளே கிடைக்கும். சில்லுகளைக் காரத்தில் போடுவதற்கு முன், வெந்நீரிலோ நீராவியிலோ 160 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்தால், மரத்திலிருந்தே சிறிதளவு அமிலம் சுரக்கும். அது ஹெமிசெல்லுலோஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். பிறகு கிராஃப்ட் முறையில் வேகவைத்தால் மிகத் தூய்மையான செல்லுலோஸ் கிடைக்கும். இதுதான் ரேயான் துணிக்கான கூழ். கர்நாடகாவின் ஹரிஹர் பகுதியில் கிராசிம் நிறுவனம் இப்படித்தான் மரத்திலிருந்து ரேயான் கூழ் எடுக்கிறது.

துணிக்கு நல்லதாக இருக்கும் இந்த முறை, காகிதத்துக்கு நல்லதல்ல. ஹெமிசெல்லுலோஸ்தான் நாரும் நாரும் ஒட்டிக்கொள்ள உதவுவது. அது போய்விட்டால் கூழின் அளவும் குறையும், தாளின் இழுவைப் பலமும் குறையும். ஆக, எது கழிவு, எது சரக்கு என்பதைக் கடைசியில் என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

உறை ஊற்றும் பூஞ்சை

காடுகளில் விழுந்து கிடக்கும் மரம் சில சமயம் வெள்ளைப் பஞ்சுபோல மட்கியிருக்கும். வெண்மட்கல் பூஞ்சைகள் லிக்னினைத் தின்றுவிட்டுச் செல்லுலோஸைப் பெருமளவு விட்டுவைப்பதால் வரும் நிறம் அது. காகித ஆலை காரத்தாலும் சூட்டாலும் செய்யும் வேலையை இந்தப் பூஞ்சை சத்தமில்லாமல் செய்கிறது!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம், 1987-ல் இதில் தீவிர ஆராய்ச்சியைத் தொடங்கியது. முறை, நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது போன்றதுதான். பாலைக் காய்ச்சுவதுபோலச் சில்லுகளுக்கு முதலில் ஆவி காட்டி மற்ற கிருமிகளை அடக்குவார்கள். ஆறவைத்து, ஒரு டன்னுக்குச் சில கிராம் பூஞ்சையைச் சத்துநீரில் கலந்து தெளிப்பார்கள். இரண்டு வாரம் குவியலாக வைத்திருப்பார்கள். பிறகு அந்தச் சில்லை இயந்திரத்தில் அரைத்தால், அரைப்பதற்கான மின்சாரம் சுமார் 30 சதவிகிதம் குறைந்ததோடு, காகிதத்தின் பலமும் கூடியது தெரியவந்தது.

பிறகு ஏன் எல்லா ஆலைகளும் இதைப் பின்பற்றவில்லை? இரண்டு வாரச் சரக்கைக் கொட்டிவைக்கப் பெரிய இடம் வேண்டும். பூஞ்சைக்கு இதமான சூடு 30 டிகிரியை ஒட்டியது. சில்லுக் குவியல் தானாகவே உள்ளுக்குள் சூடேறக்கூடியது. காற்றை ஊதி ஊதிக் குளிர்விக்க வேண்டும். மணப்பாறை, விராலிமலைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது சுலபமான காரியமல்ல.

கரும்புச் சக்கைக்கும் பக்குவம் உண்டு

மரம் மட்டும்தான் காகிதம் தரும் என்பதில்லை. காகிதபுரம் ஆலை ஆரம்பிக்கப்பட்டதே, சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத்தான். சக்கைக்கும் முன்பக்குவம் உண்டு. அதன் நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற சோற்றுப்பகுதி காரத்தை வீணாகக் குடிக்கும், கூழிலிருந்து தண்ணீர் வடியவும் விடாது. அதை முதலில் தட்டிப் பிரித்துவிட வேண்டும். கரும்பு அரைவை சில மாதங்கள்தான் நடக்கும் என்பதால், சக்கையைத் தண்ணீரில் நனைத்தே பெரும் குவியலாகச் சேமிக்கிறார்கள். சக்கை எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ, அவ்வளவு மரம் குறைவாகப் போதும்.

பக்குவம் தோட்டத்திலேயே தொடங்குகிறது

ஆலைக்குள் எத்தனை இயந்திரம் இருந்தாலும், முதல் பக்குவம் விவசாயியின் தோட்டத்தில்தான் நடக்கிறது. மரம் வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

* பட்டையை வெட்டிய கையோடு உரித்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது சுலபமாகக் கழன்று வரும். காய்ந்தால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டையில் நார் குறைவு, அழுக்கு அதிகம்.

* மண்ணும் கல்லும் ஒட்டிய கட்டை, சிப்பரின் கத்தியை மழுக்கும். மழுங்கிய கத்தி, தூளைப் பெருக்கும்.

* தோட்டத்துக்குத் தீ வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. கரி பிடித்த கட்டை கூழில் கலந்தால் எந்த ரசாயனத்தாலும் வெளுக்க முடியாத கரும்புள்ளிகள் விழும்.

* தைலமரம், சவுக்கு, சவுண்டல் ஆகியவற்றின் அடர்த்தி வேறு வேறு. அடர்த்தி மிகுந்த கட்டையில் காரம் மெதுவாகத்தான் ஊறும். இனவாரியாகப் பிரித்து ஏற்றினால், ஆலையில் அதற்கேற்பச் சமைக்க முடியும்.

* எடைக்கு விலை என்பதால், வெட்டிய மரம் வயலில் கிடந்து காயக் காய விவசாயிக்குத்தான் நஷ்டம். லாரியை உறுதிசெய்த பிறகு கத்தியை எடுப்பது நல்லது.

மிச்சமாகும் ஏக்கர் யாருக்கு?

இத்தனை பக்குவத்தால் மரம் மிச்சமாகும் என்பது வேதியியல். ஆனால் மிச்சமாகும் மரம் நிலத்திலேயே நிற்குமா என்பது வேதியியல் சொல்லும் பதில் இல்லை. அதே மரத்தை வைத்துக்கொண்டு இன்னும் கூடுதலாகக் காகிதம் ஓட்டவும் ஆலையால் முடியும். அப்படிச் செய்தால் காகிதம் பெருகும், தைலமரக்காடு ஓர் அடிகூடச் சுருங்காது.

அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, ஒரு டன் கூழுக்கு எத்தனை டன் மரம் என்று ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்லுமா? இரண்டு, அந்த எண் குறையும்போது, கண்மாய்க்கு நீர் வரும் வழியில் இருக்கும் தோட்டங்களிலிருந்து முதலில் தைலமரத்தை எடுப்பார்களா?

பிள்ளைகளுக்கு நோட்டும் வேண்டும், வயலுக்குத் தண்ணீரும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் முழுக்க உண்மையல்ல என்பதை, ஆவி பிடித்து, ஊறி, சீராக வெந்த ஒரு கைப்பிடி மரச்சில்லு சொல்கிறது. வேகவைக்கும் முன் காட்டும் நிதானத்தை, நடும் முன்னும் காட்டினால் புதுக்கோட்டை மண்ணில் மரமும் நிற்கும், கண்மாயும் நிறையும்.